கிளடிஸ் டாஷ்போட்டைக் கழற்றிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே கிளடிஸ் பிக்கப்பின் பற்றரி வயரைக் கழற்றிவிட்டாள். ஆனால் உடனே வேலையைத் தொடங்கவில்லை. டாஷ்போட்டுக்குள் இருக்கிற ஏர்பாக் பையில் மிச்ச மின்சாரம் இருந்தால் அது முகத்தில் வெடித்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ரெக்ஸ்டேல் புறநகரில் இருந்த வீட்டின் கராஜுக்குள் அரை மணித்தியாலம் நின்றபடியே தேத்தண்ணி குடித்தாள். பின்னேரம் நாலு மணிக்குப் பெரிய பனி தொடங்கும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடம் ஒரு பாண் சுடும் பக்டரியில் வேலை செய்தவள். முதலில் பாணைப் பொதி செய்தாள். பிறகு, பொதி செய்யும் மெஷின் நின்றுபோனால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பக்டரியை மூடியதும் அவளும் கணவன் றொய்சனும் இந்தப் பழைய பிக்கப்பை வாங்கி, முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டிக்கொண்டு தொழிலில் இறங்கினார்கள். இரண்டு கடைத்தொகுதிகளும் ஒரு முதியோர் இல்லமும் அவர்கள் பொறுப்பு. இல்லத்தின் பாதையில் பனி குவிந்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வர முடியாது.

மூன்று கிழமைக்கு முன்னர் றொய்சன் ஓட்ட, கிளடிஸ் பக்கத்தில் இருந்து போனபோது வண்டிக்குள் இனிப்பு மணத்தோடு ஆவி கிளம்பியது. கண்மூடித் திறப்பதற்குள் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. அவன் பிரேக்கை அழுத்த, பிக்கப் வழுக்கி நடைபாதையில் ஏறி, பஸ் தரிப்பிடத்தில் உட்காரும் வாங்கில் மோதி நின்றது. வாங்கில் யாரும் இல்லை. ஆனால் அங்கிருந்து புறப்பட்ட பஸ் இன்னும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பின்சீற்றில் ஒரு பெண், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

காரணம் ஹீற்றர் கோர். எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடி உள்ளே சூடு தருகிற சின்ன ரேடியேற்றர் அது. டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது ஒழுகியிருக்கிறது. மறுநாள் சீற்றுக்குக் கீழே ஒழுக்கை அடைக்கிற மருந்துப் போத்தல்கள் இரண்டு வெறுமையாகக் கிடப்பதைக் கிளடிஸ் கண்டெடுத்தாள். கூடக் கிடந்த பில்லில் ஒக்டோபர் என்றிருந்தது. அப்போதிருந்தே றொய்சனுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் போத்தல்களை எடுத்துக் குப்பைக்குள் போட்டான். அதற்குப் பிறகு சாப்பாடு, சாவி, கதவு என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று மட்டும் ஒருமுறை சொன்னான். நல்லகாலம், இதுவரை பெரிய பனி விழவில்லை. வாகனம் திருத்தும் கராஜ்காரர்களோ டாஷ்போட்டை முழுதாகக் கழற்ற ஒருநாள் வேண்டும், நத்தார் முடியட்டும் என்றார்கள். கிளடிஸ் புதுக் கோரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எஞ்சினில் ஓடும் அந்தத் தண்ணீரை, இனிப்பாக மணக்கும் கூலன்றை, பேசினில் வடித்தாள். கோருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றினாள். கழற்றிய திருகாணிகளை, எது எங்கே என்று எழுதி, முட்டைப் பெட்டிக்குள் போட்டாள். பதினொன்றரைக்கு எல்லாம் கழன்றுவிட்டது. ஆனாலும் டாஷ்போட் அசையவில்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பிளாஸ்ரிக் முறுகிச் சத்தம் போட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"இழுக்காதையும். இன்னொரு போல்ற் இருக்கு."

வீட்டுக்குள் போகும் கதவடியில் றொய்சன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"கண்ணாடிக்குக் கீழை, ஸ்பீக்கர் மூடிக்குள்ளை கிடக்கு," என்றான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒக்டோபரிலை ஒருக்காக் கழட்டப் பாத்தனான். நீர் அக்கா வீட்டை போன நாள். பாதியிலை பயந்து திருப்பிப் பூட்டிப்போட்டன்." கிட்ட வந்து, "மெஷின் திருத்திற மனிசிக்கு முன்னாலை ஏலாதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது," என்றான்.

கிளடிஸுக்குக் கோபம் வந்தது. அந்தப் பஸ்ஸின் பின்சீற்று கண்ணுக்கு முன்னால் வந்தது. கத்துவதற்கு நேரம் இல்லை. டோர்ச்சை அவனிடம் நீட்டினாள்.

"இதைப் பிடியுங்கோ."

போல்ற் அவன் சொன்ன இடத்தில்தான் இருந்தது. பழைய கோரை எடுத்தபோது அதன் குழாய்களில் மருந்து மண்ணிறச் சேறாக இறுகியிருந்தது. றொய்சன் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினான். இரண்டு மணிக்கு இல்லத்தின் மேற்பார்வையாளர் ரதி போன் எடுத்து, இன்றைக்கு வருவீர்களா என்று கேட்டாள். கிளடிஸ் ஓம் என்றுவிட்டாள். அந்த நேரம் டாஷ்போட் நிலத்தில் கிடந்தது.

புதுக் கோரைப் பூட்டி, டாஷ்போட்டை ஏற்றி, பற்றரியையும் கொழுவி, நாலு மணிக்குக் கராஜ் கதவைத் திறந்துவிட்டு எஞ்சினை ஸ்ராட் செய்தார்கள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. உள்ளே வந்ததோ குளிர்காற்று. ஹோஸுக்குள் காற்று அடைத்திருக்கும் என்று றொய்சன் அதை அமுக்கி அமுக்கி விட, கிளடிஸ் கூலன்றை ஊற்றினாள். மெல்ல மெல்லச் சூடு வந்தது. அடுத்த நிமிடமே முன்கண்ணாடியின் அடியில் வெள்ளை படர்ந்தது. அதே இனிப்பு மணம்.

"நிப்பாட்டும்," என்றான் றொய்சன்.

பழைய கூலன்றின் ஈரம் காற்றுக்குழாயில் மிச்சமிருக்கலாம். அல்லது புதுக் கோரும் ஒழுகலாம். இரண்டுக்கும் மணம் ஒன்றுதான். கிளடிஸ் எஞ்சினை நிறுத்தவில்லை. கோர் இருக்கிற ஹீற்றர் பெட்டிக்குக் கீழே கடதாசித் துண்டுகளை விரித்தாள். பத்து நிமிடம் இருவரும் குனிந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதி மறுபடி எடுத்த போன் அடித்து ஓய்ந்தது. கிளடிஸ் கடதாசியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. அவனிடம் நீட்டினாள். அவனும் வைத்துப் பார்த்தான்.

கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தார்கள். வெள்ளை திரும்ப வரவில்லை.

"வாறியளோ?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"நான் வண்டி ஓட மாட்டன். பக்கத்திலை இருக்கிறன்."

வழி நெடுக அவன் வீதியைப் பார்க்கவில்லை, கண்ணாடியையே பார்த்தான். அன்றைக்கு இல்லத்துப் பாதையை வழித்து முடிக்க ஏழு மணியானது.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிளடிஸ்தான் ஓட்டினாள். போத்தல்களைப் பற்றி அவள் மறக்கவில்லை. இன்னும் இரண்டு தரம் அதைச் சொல்லிச் சண்டை பிடித்தாள். பெப்ரவரியில் ஒருநாள் அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது, வண்டியைச் சூடாக்கப் போயிருந்த றொய்சன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து, எஞ்சினில் புதுசாக ஒரு சத்தம் கேட்கிறது என்றான். கிளடிஸ் அடுப்பை அணைத்துவிட்டு, கேட்டுப் பார்க்க வெளியே போனாள்.