காயாத சாயம்

சயான் ஸ்டேஷனில் ஏறிய பெண்ணின் புதுத் தோல்பை மழையில் நனைந்திருந்தது. லோக்கல் ரயில் நெரிசலில் அதன் பழுப்பு என் வெள்ளைக் குர்த்தாவில் ஒட்ட, அவள் பதறினாள். எனக்கோ அந்தச் சாய வாசனையில் தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை திறந்துகொண்டது.

அன்றும் மழை. அப்பா செய்யும் சாம்பிள் தோல்பையைப் பார்க்க வியாபாரி காதர் பாய் வரப்போகிறார். பிடித்தால் சீசன் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் அப்பா மறுபடி அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு உட்கார வேண்டும்.

"ஏங்க, சாயம் இன்னும் காயல. இப்ப அஸ்தர் வைக்காதிய" என்றாள் அம்மா, பைக்குள் ஒட்டவேண்டிய வெளிர்நிறத் துணியை விடாமல் பிடித்தபடி.

"அவரு வந்து நிக்கும்போது வெறுந்தோலையா காட்டச் சொல்லுத? கொண்டா இங்க!"

பிடுங்கி ஒட்டினார், தைத்தும் முடித்தார்.

பாய் வந்ததும் வெள்ளைக் கைக்குட்டை நுனியை எச்சிலால் நனைத்து, பையின் மேல் அழுத்தித் தேய்த்தார். மெழுகு பூசியிருந்ததால் ஒன்றும் ஒட்டவில்லை. அப்பா மூச்சு விட்டார்.

"உள்ளயும் தேச்சுப் பாத்துருங்க பாய்" என்றாள் அம்மா.

அப்பா முறைத்த முறைப்பில் நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். கைக்குட்டை பழுப்பாக வெளியே வந்தது.

பாய் கைக்குட்டையை மடித்தார். "வெயில் வரட்டும். வேற ஒண்ணு செஞ்சு வைங்க, வாரேன்."

மழை விடும்வரை அப்பா அம்மாவோடு பேசவில்லை. வெயில் வந்த காலையில், தகரக் கூரையில் காய்ந்த தோலை இறக்கி அவள் முன் நீட்டினார்.

"தொட்டுப் பாரு. நீ சொன்னாத்தான் அஸ்தர் வைப்பேன்."

அம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சாயந்தரம் வைங்க."