சனிக்கிழமை எடை

திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போன நாட்களைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தின்றேன். ஒரு பிடி, இரண்டு பிடி அல்ல, நாள் முழுக்கத் தின்றேன். முதலாளி பார்க்காதபோது தின்றேன். பார்க்கும்போது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு தின்றேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பொய், கோபம், அண்ணனை மனசுக்குள் திட்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் சாமியாரிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன். அவரும் பாவம், எனக்காக எத்தனை செபம்தான் கொடுப்பார்!

யுத்த காலம் அது. விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அண்ணன் மஞ்சள் காமாலையோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். கீழாநெல்லியும் மோரும் கொடுத்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, பதினெட்டு வயசில் கல்யாணம் ஆகாத நான். அண்ணியும் நானும் மண்டிக்குப் போனால்தான் அடுப்பில் கேப்பைக் கூழ் கொதிக்கும். நான் அரைக்கை வேலைக்காரி. பாதி வேலை தின்பது, மீதி பேசுவது. அண்ணிதான் இரண்டு பேர் உடைப்பதை ஒருத்தியாக உடைப்பாள். அவள் ஒரு பருப்பைக்கூட வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

முதலாளிக்கு ஒரு பெரிய விசாரம். இத்தனை மூட்டை காய் உடைத்தால் இத்தனை மூட்டை பருப்பு வர வேண்டும், வரவில்லை. எங்கே போகிறது? எங்கள் வயிற்றுக்குள்தான் என்று முடிவு கட்டினார். மடியை உதறச் சொல்லலாம், வயிற்றை எப்படி உதறுவது? அதனால் மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசில் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் எங்களை ஏற்றி நிறுத்தினார். போன வாரத்தைவிட இரண்டு ராத்தல் கூடினால் அவள் மல்லாட்டை தின்றவள். மூன்று தரம் அப்படிக் கூடினால் மறுவாரம் வர வேண்டாம்.

அந்த மண்டியில் இன்னொரு சட்டமும் உண்டு. தராசு லட்சுமி, அதனால் மாதவிலக்காகித் தூரமான பெண்கள் மூன்று நாள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. மூன்று நாள் வராவிட்டால் மூன்று நாள் கூழுக்கு என்ன செய்வது? அதனால் யாரும் சொல்வதில்லை. வழக்கம்போல வந்து வழக்கம்போல உடைப்போம். முப்பது பெண்கள் இருந்தும் வருஷம் முழுக்க ஒருத்திக்குக்கூடத் தூரம் வராத மண்டி உலகத்திலேயே அது ஒன்றுதான். பருப்பு குறைவதைக் கண்டுபிடித்த முதலாளிக்கு இந்த அதிசயம் மட்டும் கண்ணில் படவே இல்லை.

எங்கள் எடையையும் வேலைக்கு வந்த நாட்களையும் நோட்டில் எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை. அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. நான் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள் என்பதால் சனிக்கிழமைகளில் நோட்டைப் பிடித்துக்கொண்டு போன வார எடையைப் படித்துச் சொல்கிற உத்தியோகம் எனக்கு வந்தது. தின்கிறவளிடமே நோட்டைக் கொடுத்தார்கள்!

என் எடை ஒரு நாளும் ஏறியதில்லை. "ஒட்டடைக் குச்சி, எறங்கு ஜல்தி" என்று முதலாளி சிரிப்பார். அண்ணிக்குத்தான் ஒரு சனிக்கிழமை மூன்று ராத்தல் கூடியது. மறுவாரமே இறங்கிவிட்டது. நாலு வாரம் கழித்து மறுபடி கூடியது. "ரெண்டாவது தபா. பாத்துக்கோ" என்றார் முதலாளி.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி வளையலைத் திருகிக்கொண்டே வந்தாள். தூரமாகிற வாரத்தில் அவளுக்குக் கை கால் எல்லாம் ஊதிக்கொள்ளும், வளையல் மணிக்கட்டில் இறுகிப்போகும். மூன்று நாள் கழித்தால் வளையல் தானே ஆடும்.

"அண்ணி, இது அதாலதான் ஏறுது. நோட்டுல நாலு வாரத்துக்கு ஒருக்கா கரெக்டா ஏறி எறங்கியிருக்குது. சொல்லிடலாமா?"

"சொன்னா? ‘அப்போ அந்த நாள்லயும் உள்ள வந்துக்கினுதான் இருந்தியா’ன்னு கேப்பாரு. என்னோட போவுமா? முப்பது பேருக்கும் மாசத்துல மூணு நாள் போவும். வாய மூடிக்கினு வா."

எனக்கு அன்று கூழ் இறங்கவில்லை. தின்றவள் நான், மாட்டிக்கொண்டவள் அவள். திங்கட்கிழமை முதல் தின்னக் கூடாது என்று சபதம் எடுத்தேன். மத்தியானம் வரை நின்றது அந்தச் சபதம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது, முதலாளியம்மா. மண்டிக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. அம்மா மெலிந்த உடம்பு. உடம்பு தேற டாக்டர் டானிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை நாங்கள் போன பிறகு அம்மா தராசில் ஏறுவார், கணக்குப்பிள்ளை குத்துமதிப்பாகப் பார்த்துக் கோணல் மாணலாக எழுதி வைப்பார். எடை கூடினால் முதலாளிக்குச் சந்தோஷம் தாங்காது, டானிக் வேலை செய்கிறது என்று மண்டி முழுக்கச் சொல்வார். மறுவாரம் இறங்கினால் டாக்டரைத் திட்டுவார். ஒருநாள் அந்தப் பக்கத்தையும் அண்ணியின் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அண்ணிக்கு எடை ஏறுகிற அதே சனிக்கிழமைதான் அம்மாவுக்கும் ஏறுகிறது. அம்மாவுக்கு ஏறினால் டானிக், அண்ணிக்கு ஏறினால் மல்லாட்டை. நல்ல நியாயம்!

மூன்றாவது முறையும் வந்தது. அண்ணி தராசில் ஏறும்போதே வளையல் அசையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டேன். கணக்குப்பிள்ளை குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மூன்று ராத்தல்.

"திங்கட்கிழமையிலருந்து வராத. நல்லா தின்ன, போதும்" என்றார் முதலாளி.

அண்ணி தராசிலிருந்து இறங்கினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். அண்ணனுடைய மஞ்சள் கண்ணும் காலி அடுப்பும் நினைவுக்கு வந்தன. வாய் தானே திறந்துகொண்டது.

"ஐயா, அம்மாவுக்கும் இதே சனிக்கிழமைதாங்க ஏறுது. அவங்க இன்னா மல்லாட்டையா தின்றாங்க?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரப் பத்தி பேசற? திமிரா? உன்னோட பெரிய பேஜாரா பூட்ச்சே!" என்று அவர் எழுவதற்குள் பின்கட்டுக் கதவு திறந்தது. அம்மா வந்து என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார்.

அவர் படிக்கத் தெரிந்தவர். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், அண்ணியின் பக்கத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். அவருடைய நாள் எல்லோருக்குமே தெரியும். அம்மா மாசம் மூன்று நாள் பின்கட்டுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பதை மண்டியின் பின்சுவர் ஜன்னல் வழியாக நாங்களே பார்ப்போம். எண்ணி முடித்ததும் நிமிர்ந்து அண்ணியின் வளையலைப் பார்த்தார்.

"எப்போ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கோ நாளன்னிக்கோம்மா" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வாரா வாரம் நாங்கள் ஒரு நாள் விடாமல் வந்தது அதே நோட்டில்தான் இருந்தது. அம்மா பக்கத்தைத் திருப்பினார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. படுபாவி, முப்பது பேர் கூழிலும் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அம்மா நோட்டை மூடினார்.

"தராசு லட்சுமின்னு சொல்றீங்க. அது மேல வாரா வாரம் பொம்பளைங்கள ஏத்தி நிறுத்தி ஆம்பளைங்க பாத்துக்கினு நிக்கறீங்களே, லட்சுமி எப்படி தங்குவா? இனிமே வேணாம். எனக்கும் வேணாம், அந்த டானிக்கும் வேணாம்."

"அப்போ என் பருப்பு?"

"குடோன்ல எலி ஓடுது. பிடிச்சு ஏத்தி நிறுங்க."

கணக்குப்பிள்ளை இருமுவதுபோல் சிரித்தார். நோட்டு அம்மாவோடு பின்கட்டுக்குள் போனது. அதன் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை. முதலாளி திங்கட்கிழமை அண்ணியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணியும் நானும் பின்சுவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தோம். அம்மா கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை நீண்டது. கையில் ஒரு கொட்டாங்குச்சி நிறைய வறுத்த மல்லாட்டை, மேலே ஒரு துண்டு வெல்லம்.

"வாங்கிக்கோ. இன்னைக்கு நீயும் நானும் ஒண்ணுதான், தொட்டா ஒண்ணும் ஆவாது" என்றார் அம்மா. "உக்கார்றத உனக்கும் சேத்து நானே உக்காந்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மண்டியில் சேர்ந்ததிலிருந்து அவள் வாயில் போட்ட முதல் மல்லாட்டை அது. ஒவ்வொன்றாகத் தோல் ஊதி, வெல்லத்தோடு கடித்து, அவசரமே இல்லாமல் தின்றாள். நான் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினேன்.

அண்ணி என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"நீதான் எனக்கும் சேத்துத் தின்னுட்டியேடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? எப்போத்திலிருந்து?"

"மொத நாள்லருந்து. பக்கத்துல உக்காந்துக்கினு மென்னா கேக்காதா?"

"அன்னைக்குத் தராசு மேல நிக்கும்போது சொல்லியிருக்கலாமே அண்ணி?"

அவள் அடுத்த பருப்பின் தோலை ஊதினாள். கொட்டாங்குச்சியில் இருந்த கடைசிப் பருப்புவரை என் கண்ணெதிரிலேயே தின்று முடித்தாள். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.