அண்ணனுக்காக மாற்றிய பேரிங்

மும்பை செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் உங்கள் காரின் சக்கரத்தைக் கழற்றினால், கடந்து போகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: எப்போது முடியும்? வண்டிக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கடையநல்லூரில் எங்கள் தெருவில் ஒருவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் போதும், நாலு பேர் குத்தவைத்து உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்லி, வேலையைக் கெடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவராவது என் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அண்ணன் தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்தவர். என்னை ஊரிலிருந்து கூட்டிவந்து மெஷினில் உட்கார வைத்தவரும் அவர்தான். மதினியும் பிள்ளைகளும் ஊரில். அண்ணன் பெருநாளுக்குப் பெருநாள் போய்வருவார். இங்கே எங்களில் பாதிப் பேரின் குடும்பம் இப்படித்தான். முதுகெலும்பில் புற்று பரவி, இனி வைத்தியம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஊருக்குப் போகவேண்டும் என்றார். அவரால் உட்கார முடியாது, ரயில் சரிப்படாது. ஆம்புலன்ஸ் பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்டே. ஆம்புலன்ஸ் தெருவுல நொழஞ்சாலே மய்யத்து வந்துட்டுன்னு கூடிருவாக. ஒன் மதினி பாக்கையில நான் உசுரோட போயி எறங்கணும்."

ஆகவே என் பழைய கார். முன்சீட்டை முழுக்கப் பின்னால் சாய்த்து மெத்தை விரித்தால் அவர் படுத்துக்கொள்ள இடம் உண்டு. ஆனால் வேகம் கூடினால் பின்சக்கரங்கள் இரண்டும் உறுமும். வெள்ளோட்டம் போனபோது, "முதுகுக்குள்ளயே அரைக்க மாதிரி இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் பார்த்துவிட்டு, பேரிங் தேய்ந்துவிட்டது என்று நாலு நாள் கழித்து வரச் சொன்னார். எங்களிடம் நாள் இல்லை. தோலையும் இரும்பையும் தொட்டு வளர்ந்த கை, பேரிங் மாற்ற முடியாதா என்று எனக்கொரு திமிரும் இருந்தது.

குர்லாவில் பேரிங் கொடுத்த கடைக்காரர் நல்ல மனிதர். நான் கேட்காமலே சொன்னார்: "நட் ஃபுல் டைட் கர்னா, ஃபிர் தோடா டீலா சோட்னா." நன்றாக இறுக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் தளர்த்திவிடு என்று. எனக்கு விளங்காமல் இல்லை. இந்த ஊர்க்காரர்களின் 'சலேகா' புத்தி, எதையும் அரைகுறையாக விட்டுவிட்டு 'ஓடும்' என்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பட்டறையில் ஒரு தையல் இளகியிருந்தால் அண்ணன் அந்தப் பையை மூஞ்சியில் எறிவார். தாராவியில் எங்கள் சரக்குக்குப் பெயர் வந்ததே அந்த இறுக்கத்தால்தான்.

காலையில் ஜாக்கி வைத்தேன். டிரம்மைக் கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதில் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். சொஸைட்டி வாட்ச்மேன் வந்து காம்பவுண்டில் ரிப்பேர் கூடாது என்றார். வீட்டு ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்த அண்ணனைக் காட்டி, ஊருக்குப் போகிறோம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையசைத்து, "லவ்கர் வாபஸ் ஆனா, சாச்சா" என்றார். சீக்கிரம் திரும்பி வாருங்களாம். அண்ணன் சிரித்தார். நான் நட்டில் ஸ்பேனரைப் பூட்டி, அதன் பிடியில் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் போட்டு இறுக்கினேன். இரண்டு சக்கரத்திலும். தளர்த்தவில்லை.

அன்று மதியமே கிளம்பினோம். வாஷி பாலத்தில் ஏறியபோது அண்ணன் காது கொடுத்துக் கூர்ந்து கேட்டார். "சத்தம் போயிட்டுல்லா. பெரிய ஆளுதாம்டே நீ" என்றார். என் வாழ்க்கையில் அவர் என் வேலையைப் பாராட்டியது அது ஒன்றுதான். பன்வேல் தாண்டிச் சற்று தூரத்தில் கருகல் வாடை வந்தது. நிறுத்தி இறங்கினேன். இடது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து புகை. டிரம்மில் கை வைக்க முடியவில்லை. இளக்கமே இல்லாமல் சுற்றிய பேரிங் வெந்து இறுகிவிட்டது. கடைக்காரர் எதற்குச் சொன்னார் என்பது அந்த வெயிலில்தான் எனக்கு விளங்கியது.

வண்டியை இழுத்துப்போக ஆள் வரும்வரை அண்ணன் அந்த நெருப்புப் பெட்டிக்குள் படுத்திருந்தார். "பரவால்லடே. நாளைக்குப் போவோம்" என்றார். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அடக்கமும் இங்கேதான். மூன்று பிடி மண்ணும் இந்த ஊர் மண்.

மதினி இத்தாவில் இருக்கிறார். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. போனில் என்னைத்தான் தேற்றுகிறார்: "பழைய வண்டிதான தம்பி, நீங்க என்ன செய்வீக? இத்தா முடியவும் வாரேன். அவுக இருக்க எடத்த ஒருதடவ பாத்துட்டுப் போயிருதேன்." வண்டியின் மேல் தவறில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இது அச்சில் வந்தால் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சக்கரம் இரண்டையும் பிறகு அந்த மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். மதினி வந்தால் இந்தக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும். அண்ணனை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் பெண்களை விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியில் இருந்தபடி பார்க்கலாம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கேட் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, மதினி உட்காரப்போகிற பின்சீட்டில் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கம் நகர்ந்தும் பார்த்தேன், வலப்பக்கம் நகர்ந்தும் பார்த்தேன். அங்கிருந்து அண்ணன் தெரியவில்லை.