சாச்சாவின் வேகம்

இன்று காலை சாய்ந்தமருதுச் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. எரிந்த என்ஜின் ஒயில் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மீண்டும் ஒன்பது வயதானது.

வாப்பாவின் தம்பி ஹனீபா சாச்சாவுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் தொழில். கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக வீதிப் பந்தயங்களில் ஓடினார். லீவில் வந்தால் எங்கள் வளவு முழுக்க அந்த வாசனைதான். மகள் சஹ்லாவைப் பெற்றோல் டாங்கியில் இருத்தி, "இறுக்கிப் பிடிங்க மகள்" என்பார். அவள் கூச்சலிட்டுச் சிரிப்பாள்.

கடல் ஊருக்குள் வந்த அன்று சாச்சா அம்பாறையில் நின்றார். செய்தி கேட்டதும் மோட்டார் சைக்கிளில் மாவடிப்பள்ளி வழியாகப் பறந்து வந்தார். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. சாச்சியும் சஹ்லாவும் கிடைக்கவேயில்லை.

நாலைந்து வருடம் கழித்து, நாட்டில் யுத்தம் முடிந்ததும் கம்பனிக்காரர் தேடி வந்தார்.

"பாதையெல்லாம் திறந்திட்டு நானா. திரும்ப ஓடுங்களன்."

சாச்சா தலையாட்டி மறுத்தார்.

"எனக்கு ஏலுமான வேகமெல்லாம் எடுத்துத்தான் அண்டைக்கு வந்தன் தம்பி. அதுவே போதாமப் போயிட்டு."

இன்றும் அவர் எங்கும் நடந்துதான் போகிறார். யாராவது வண்டியில் ஏறச் சொன்னால், ஸலாம் சொல்லிவிட்டு நடக்கிறார்.