இரண்டு சொட்டுச் சேனை

பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்போம். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆகவே நற்பெயர் உள்ளவரையே அழைப்பார்கள். என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த அன்று காலை, ஆழ்வார்குறிச்சியிலிருந்து மருத்துவமனைக்கு வந்திருந்த சம்பந்தி சேனை வைக்க என்னை அழைத்தார். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்தார். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான், மறுத்திருக்க வேண்டும். அந்த அழைப்பின் பெருமையில் மறுக்கவில்லை.

செவிலியர் வந்துவிடாதபடி சம்பந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். கரண்டி நுனியால் இரண்டு சொட்டு விட்டேன். குழந்தை இருமியது. உதடு நீலம் பாரித்து, சற்றுப் பொறுத்துச் சிவந்தது. நான் எவரிடமும் சொல்லவில்லை.

நண்பகலுக்குள் மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டனர். குழந்தையின் உணவுக்குழாய் வயிற்றோடு சேரவில்லை. அன்றே அறுவை செய்தாக வேண்டும். மயக்கம் கொடுக்கும் மருத்துவர், இளம்பெண், வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளைக்கு வாயில எதுவும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. படிச்ச குடும்பம், அதெல்லாம் செய்ய மாட்டோம்" என்றார் சம்பந்தி.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டு திரும்பினார். இத்தனை ஆண்டுகள் காத்த பெயர் ஒரு பக்கம்; கதவுக்கு அப்பால் இரண்டரைக் கிலோ எடையுள்ள உயிர் ஒரு பக்கம்.

"அம்மா, நான் குடுத்தேன்."

அவர் கடிந்துகொள்ளவில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு, இருமியதா, நிறம் மாறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முன்பு எழுதியதை அடித்துவிட்டு எழுதினார்.

"நுரையீரல்ல இறங்கியிருக்கலாம். தெரியாம மயக்கம் குடுத்திருந்தா நடுவுல மூச்சு திணறியிருக்கும். இன்னொரு எக்ஸ்ரே பாத்துட்டு, உறிஞ்சி எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

கதவு மூடியது. சம்பந்தி தாழ்ந்த குரலில், "நாந்தான் இல்லன்னு சொல்லிட்டேன்லா அண்ணாச்சி. பேசாம இருந்திருக்கலாம்லா" என்றார்.

"பிள்ளையால சொல்ல முடியாதுல்லா" என்றேன்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் நிழல் தெரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். அறுவை ஏன் தாமதம் என்று மகள் கேட்பதற்குள் நானே போய்ச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறுவை முடிந்தும் குழந்தையின் மூச்சு இயந்திரத்தில்தான் இருந்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் அவன் அழுதான். அந்தக் குரலைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை.