ஹேவாஹெட்ட வீதியில் உயர்ந்த ஒரு கை

நேற்றுக் கண்டிச் சந்தைச் சுவரில் யாரோ தேர்தல் அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாவுப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபையின் உறுப்பினர் ஒருவரின் மறுதேர்தலுக்காக நான் ஊரூராகப் பேசித் திரிந்தேன். பிரசாரக் காரின் பின்னிருக்கையில் பசை வாளியும் நானும் சரிசமமாக வீற்றிருப்போம். பாடசாலை விவாத மன்றத்தில் நான் தோல்வியறியாதவன். அங்கே பெற்ற வெள்ளிக் கிண்ணத்தை இன்றும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். உறுப்பினரைவிட என் குரலுக்கே கூட்டம் சேர்ந்தது என்று அந்நாளில் உறுதியாக நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கையை முற்றாகக் கைவிட்டேன் என்று சொல்வதற்கில்லை.

தேயிலைத் தோட்டத்துக்குள் கூட்டம் நடத்த வெள்ளைக்காரத் துரை அனுமதிப்பதில்லை. ஆகவே ஹேவாஹெட்ட வீதியில், எல்லைக் கல்லுக்கு வெளியே, காரின் மிதிபலகையே எங்கள் மேடை. ஞாயிறு பூசை முடிந்து வந்த தொழிலாளர்கள் சூழ்ந்து நின்றார்கள். மேட்டில், தேயிலை விளிம்பில், துரைக்காகத் தொழிலாளரை மேற்பார்க்கும் பெரிய கங்காணி குடையை ஊன்றி நின்றார். அவரையும் என் ரசிகர் என்றே எண்ணிக்கொண்டேன்.

விவாத மன்றத்தில் பேச்சு முடிந்ததும் கைதூக்கச் சொல்லி முடிவெடுப்பது வழக்கம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

"நம் உறுப்பினருக்கே வாக்களிப்போம் என்போர் அஞ்சாது கை உயர்த்துக!"

ஒருவரும் அசையவில்லை. பிறகு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செபஸ்தியான் கையை உயர்த்தினார். "அட, தூக்குங்கப்பா! ஐயா தொண்ட கிழியக் கத்துறாரு, கல்லு மாதிரி நிக்கிறீங்களே!" கூட்டம் சிரித்தது. வேறு கை எழவில்லை. அந்த ஒன்றை நான் நூறாகக் கண்டு பூரித்தேன்.

திரும்பும் வழியில் சாரதி காசிம் நானா கேட்டார்: "தம்பி, வோட்டுப் பெட்டிய மறச்சு வெச்சீக்கிறது ஏன்? நீங்க நடுரோட்டுல தொறந்து காட்டிட்டீங்களே!" கோழைத்தனம் என்று அவரை அடக்கினேன்.

புதன்கிழமை செபஸ்தியான் தன் மனைவி அந்தோணியம்மாளோடு கண்டிக்கு வந்து, உறுப்பினர் முன் துரை கொடுத்த பற்றுச்சீட்டை நீட்டினார். தோட்டத்திலிருந்து விலக்கியாயிற்று.

"பேர வெட்டிட்டாங்க ஐயா. வெள்ளிக்கெழமக்குள்ள லயத்து வீட்ட விட்டுப் போகணுமாம்."

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தாள். "வேற யாருமே தூக்கலியே. கையக் கீழ போடுன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஐயா."

உறுப்பினர் யாழ்ப்பாணத்தவர், பொறுமையாகத்தான் கேட்டார். "ஓம், விளங்குது. இப்ப துரையோட முட்டினா மற்றத் தோட்டங்களுக்குப் பக்கத்திலயும் நாங்கள் போகேலாது. தேர்தல் முடியட்டும், சபையில கேள்வி கேக்கிறன்."

அதற்கு என்னிடம் பத்து மறுப்புரைகள் தயாராக இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. மறுநாள் நாவலப்பிட்டியில் பெரிய கூட்டம். முதற் பேச்சாளன் நான்.

விலக்கிய காரணம் எழுதியிருந்த அந்தச் சீட்டைக் கண்ட எந்தத் தோட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. இங்கேயே பிறந்த செபஸ்தியான், ஒருநாளும் கண்டிராத இந்தியாவுக்குக் குடும்பத்தோடு தலைமன்னார் ரயில் ஏறினார்.

உறுப்பினர் வென்றார். சொன்னபடி கேள்வியும் கேட்டார். தோட்டத்தின் உள்விவகாரம் என்று ஒருவரி விடை வந்தது. நன்றி கூறி அமர்ந்தார்.

அந்தச் சபை இன்று இல்லை. வேட்பாளருக்கொரு நிறமாக வைத்த வாக்குப் பெட்டிகளும் இல்லை. உறுப்பினரும் காசிம் நானாவும் காலமாகிவிட்டார்கள். அந்தத் தேர்தலின் வாக்காளர் இடாப்பை, அந்தப் பெயர்ப் பதிவேட்டை, ஒருமுறை தேடிப் பிடித்துப் பார்த்தேன். செபஸ்தியானின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். அதற்கடுத்த தேர்தலின் இடாப்பில் அந்தக் கோடும் இல்லை.