வெல்டர் செய்த குலுக்கல் டிரம்

உயர்நிலைப் பள்ளி இடத்துக்கான குலுக்கலில், டிரம்மிலிருந்து தம்பி மகளின் பெயர் வந்தபோது வெல்டரும் கை தட்டினார். கூட்டமே தட்டும்போது தான் மட்டும் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே! ஆனால் வயிற்றுக்குள் யாரோ கேஸ் கட்டரைப் பற்ற வைத்த மாதிரி எரிந்தது. அவர் மகள் பெயர் கடைசி வரை வரவில்லை.

அந்த டிரம்மைச் செய்தவரே அவர்தான். பழைய எண்ணெய் பீப்பாயை அறுத்து, அச்சு கோத்து, கைப்பிடி வைத்துக் கொடுத்தார். பெயர் எழுதிப் போட இரும்பு வில்லைகளும் வெட்டினார். தடவிப் பார்த்துத் தேடி எடுக்க முடியாதபடி எல்லாம் ஒரே அளவு. அவ்வளவு நேர்மை. இப்போது அந்த நேர்மைதான் அவரைக் கடித்தது.

அந்த உயர்நிலைப் பள்ளி நிற்கும் இடம் முன்பு லாரி நிறுத்தும் திடல். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அதற்குப் பயந்தே பல பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். "திடலைப் பள்ளிக்குக் கொடு" என்று தெருக்காரர்கள் லாரிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் வெல்டர். எதிரே லாரிக்காரர்களோடு நின்று விசிலடித்தவன் அவருடைய சொந்தத் தம்பி. லாரி மெக்கானிக், திடல் போனால் தன் பிழைப்பும் போய்விடும் என்று அவனுக்குப் பயம்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பள்ளியை எப்படி நடத்துவது என்று கூட்டம் போட்டார்கள். நுழைவுத் தேர்வு இல்லை, சிபாரிசு இல்லை, இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல் என்று முடிவானது. வகுப்பறை முதல் கக்கூஸ் வரை பிள்ளைகளே முறை வைத்துக் கழுவ வேண்டும் என்று சொன்னது வெல்டர்தான். "போராடினவங்க பிள்ளைங்களுக்காவது முதல்ல இடம் குடுக்கலாமே" என்று ஒருவர் இழுத்தார். வெல்டர் துள்ளி எழுந்தார். "என் பிள்ளையா இருந்தாலும் டிரம்முக்குள்ளதான் போகணும்!"

அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இல்லாத பிள்ளையை எந்த டிரம்மில் வேண்டுமானாலும் போடலாம்.

குலுக்கல் முடிந்த கையோடு தலைமை ஆசிரியையிடம் போய் நின்றார். "நீங்க வெச்ச விதிதானேங்க" என்று அந்தம்மா சிரித்தார். "யாராவது இடத்த வேணாம்னா, மிச்சப் பேரையெல்லாம் போட்டு மறுபடி சுத்துவோம்."

வெல்டர் நேரே தம்பி வீட்டுக்கு நடந்தார்.

சுவர் ஆணியில் புதுப் பை தொங்கியது. "வாண்ணா! பாத்தியா, விசிலடிச்சவன் பொண்ணுக்குத்தான் யோகம்!" என்றான் தம்பி.

"சந்தோஷம்டா. பாப்பாவ நெனச்சாதான் பாவமா இருக்கு."

"ஏன்?"

"கக்கூஸ் கழுவணுமே."

"யார் கக்கூஸ?"

"எல்லாரோடதும்தான். பேருக்குத்தான் முறை. சாதுவான பிள்ளைங்க தலையிலதான் கட்டுவாங்க."

மகள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடாதவன் தம்பி. அவன் முகம் கறுத்தது. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்தப் பள்ளிக்கூடத்துக்காகப் பாடுபட்டவராச்சே" என்றாள் அவன் மனைவி. அந்தப் பேச்சு வெல்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பையின் வாரைப் பிடித்தபடி தம்பி மகள் நின்றிருந்தாள்.

மறுநாளே தம்பி இடத்தை விட்டுக்கொடுத்தான். டிரம் மறுபடி சுற்றியது. வில்லை உருளும் ஒவ்வொரு சத்தமும் வெல்டருக்குத் தன் மகள் பெயராகவே கேட்டது. வந்ததோ இஸ்திரிக் கடைக்காரர் மகள் பெயர். நேற்று குடிவந்த மனிதர். லாரித் திடல் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. வெல்டர் மறுபடியும் கை தட்டினார். இந்த முறை கையும் எரிந்தது.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "சித்தப்பா ஏம்ப்பா வேணாம்னுட்டாரு? அங்க நடத்துறதெல்லாம் சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லித் தரேன்னு சித்தப்பா வீட்டு அக்கா சொல்லியிருந்தா. இனி ரெண்டு பேருமே ரோட்டத் தாண்டணும்."

அவர் நடையை எட்டிப் போட்டார். இஸ்திரிக்காரரின் சைக்கிள், பின்னால் மகளை உட்கார வைத்துக்கொண்டு, மணியடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனது. ஒரு மனிதன் இவ்வளவு மணியடிக்கலாமா என்று தோன்றியது.

பள்ளி திறந்த அன்று தம்பி பட்டறைக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"கழுவுற சட்டத்தப் போட்டதே நீதானாமேண்ணா? டீச்சரம்மா சொன்னாங்க. அவங்களும் சேந்துதான் கழுவுறாங்களாம். யார் தலையிலயும் கட்டுறதில்லையாம்."

எதிரே பள்ளி வாசலில், வெல்டர் பற்ற வைத்துச் செய்த இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு இஸ்திரிக்காரர் மகள் உள்ளே போனாள். வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டார். முன்னால் பற்ற வைக்க ஒரு துண்டு இரும்புகூட இல்லை.

"கண்ணு கூசும்டா," என்றார். "தள்ளி நில்லு."